பார்க்காத அஸ்திவாரத்துக்குப் பொறியாளர் கையொப்பமிடலாமா?

வாசகர் கடிதத்தின் சுருக்கம்:

குன்னூரில் வசிக்கும் சிவில் பொறியாளர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஒப்பந்தக்காரரிடம் சில ஆண்டுகள் வேலை பார்த்தபின், இப்போது தனியாகப் பழைய வீடுகளை ஆய்வு செய்து அறிக்கை தருகிறார். கோவையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் மலையில் வீடு தேடி வருபவர்களுக்கு அந்த அறிக்கைகள் போகின்றன. வங்கிக் கடனுக்கான படிவங்களையும் நிரப்பித் தருகிறார். இப்போது அவர் கையில் இருப்பது நகராட்சி எல்லைக்குள் சரிவில் நிற்கும் ஒரு வீடு. முன்பகுதி தகரக் கூரை போட்ட பழைய கருங்கல் கட்டு. பின்பகுதி பிற்காலத்தில் தூண் எழுப்பிக் கட்டிய கான்கிரீட் பகுதி. அதற்குப் பின்னால் பன்னிரண்டு அடி உயரத் தடுப்புச் சுவர் ஒன்று அண்மையில் பூசி வெள்ளையடிக்கப்பட்டு நிற்கிறது.

விற்பவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், பொறியாளரின் தந்தைக்கு நெடுநாள் நண்பர். ஆய்வுக் கட்டணத்தையும் அவரே தருகிறார். அஸ்திவாரம் ஐந்தடி ஆழத்தில் பாறைமேல் நிற்கிறது, தூண்களில் 16 மி.மீ. கம்பி உள்ளது, தடுப்புச் சுவருக்குப் பின்னால் கல் நிரப்பி வடிகால் விடப்பட்டிருக்கிறது, பின்பகுதியும் 1993-க்கு முன்பே கட்டப்பட்டது என்னும் நான்கையும் அறிக்கையில் எழுதித் தரும்படி கேட்கிறார். இவற்றில் எதையும் பொறியாளர் பார்க்கவில்லை. கட்டிய மேஸ்திரி காலமாகிவிட்டார். “பக்கத்திலேயே நின்று கட்டினேன் தம்பி, என் வார்த்தை போதாதா?” என்று ஆசிரியர் கேட்கிறார். “எல்லா இன்ஜினியரும் போடுறதுதான் சார்” என்கிறார் தரகர். வங்கிப் படிவத்தில் ‘பார்க்க இயலவில்லை’ என்று குறிக்க இடமில்லை. கட்டத்தைக் காலியாக விட்டால் படிவம் திரும்பி வருகிறது. சில மாதங்களுக்கு முன் கோத்தகிரிப் பக்கம் ஒரு வீட்டுக்கு, உரிமையாளர் சொன்னதை நம்பி, ‘அஸ்திவாரம் பாறைமேல் ஐந்தடி ஆழத்தில் உள்ளது’ என்று எழுதிக் கையொப்பமும் இட்டுவிட்டதாகக் கடிதத்தின் இறுதியில் தெரிவித்து, என்ன செய்வதென்று கேட்கிறார்.

நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் சட்டக் கேள்விக்கு முன்னால் ஒரு சங்கடம் நிற்கிறது. ஆசிரியர் ஊரில் மதிப்புள்ளவர், பொய் பேசிப் பழகாதவர். அவர் சொன்னதை எழுத மறுத்தால் அவரை நம்பவில்லை என்று பொருளாகிவிடுமோ என்று தயங்குகிறீர்கள். அவர் சொல்வது முழுக்க உண்மையாகவே இருக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அவர் அறிந்திருப்பதை நீங்கள் அறிந்ததாக எழுத உங்களுக்கு வழியில்லை. ஆய்வறிக்கையில் ஒரு பொறியாளர் ‘உள்ளது’ என்று எழுதினால், அவர் பார்த்தோ சோதித்தோ எழுதியிருக்கிறார் என்றுதான் வாங்குபவர் எடுத்துக்கொள்வார். அந்த நம்பிக்கைக்காகத்தான் உங்களைத் தேடி வருகிறார்கள்.

சட்டத்தின் பார்வையும் இதுவே. 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 60-ஆம் பிரிவில் இருந்து, இப்போது பாரதிய சாக்ஷிய அதினியம் 2023-இன் 55-ஆம் பிரிவில் இடம்பெற்றிருக்கும் விதி, கண்ணால் காணக்கூடிய ஒன்றைப் பற்றிய வாய்மொழிச் சாட்சியம் அதைத் தானே கண்டதாகச் சொல்பவரிடமிருந்து வரவேண்டும் என்கிறது. நாளை வழக்கு என்று வந்து நீங்கள் கூண்டில் ஏறினால், ஐந்தடி ஆழத்தை என்றைக்குப் பார்த்தீர்கள், எங்கே தோண்டி அளந்தீர்கள் என்பதுதான் எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் முதல் கேள்வியாக இருக்கும். ‘ஆசிரியர் சொன்னார்’ என்ற பதிலை அன்றைக்குச் சொல்வதைவிட இன்றைக்கு அறிக்கையிலேயே எழுதிவிடுவது எல்லோருக்கும் நல்லது.

‘நான் உண்மை என்று நம்பித்தானே எழுதினேன்’ என்பது உங்களைக் காப்பாற்றும் என்று கருதுகிறீர்கள். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு இதற்கு நேர்ப்பதில் வைத்திருக்கிறது. ஒருவரிடம் உள்ள தகவல் இடம்கொடுக்காத அளவுக்கு உறுதியாக, உண்மையல்லாத ஒன்றைக் கூறுவது, அவர் அதை உண்மையென்றே நம்பியிருந்தாலும், தவறான எடுத்துரைப்பாகும். அந்தப் பிரிவு ஒப்பந்தத் தரப்பினருக்கு இடையிலானது என்றாலும், அதில் உள்ள அளவுகோல் உங்கள் தொழிலுக்கு அப்படியே பொருந்துகிறது. நம்பிக்கை இருந்ததா என்பதோடு, அவ்வளவு உறுதியாகச் சொல்லும் அளவுக்குத் தகவல் இருந்ததா என்பதும் பார்க்கப்படும்.

அதே சமயம் நீங்கள் தேவைக்கு மேல் அஞ்சவும் வேண்டாம். ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம், வழக்கறிஞர், மருத்துவர், கட்டடக் கலைஞர் போன்றோரிடம் அந்தத் தொழிலுக்கு உரிய நியாயமான திறனும் கவனமுமே எதிர்பார்க்கப்படுகின்றன என்று விளக்கியது. பூசிய சுவருக்குள் ஊடுருவிப் பார்க்கும் கண் உங்களுக்கு இருக்கவேண்டும் என்று எந்த நுகர்வோர் ஆணையமும் சொல்லப்போவதில்லை. பார்க்க முடியவில்லை என்று எழுதியதற்காக ஒரு பொறியாளர் தண்டிக்கப்படுவாரோ என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை.

எப்படி எழுதலாம்

அறிக்கையில் ஒவ்வொரு தகவலுக்கும் அதே வரியில் அதன் ஊற்று தெரியவேண்டும். நீங்கள் கண்டது, கருவியாலோ தோண்டியோ சோதித்தது, ஆவணத்தில் படித்தது, பிறர் சொல்லக் கேட்டது ஆகிய நான்கும் வெவ்வேறு எடையுள்ளவை. சொல்லக் கேட்டதை எழுதவே கூடாது என்பதும் இல்லை. “பின்பகுதி அஸ்திவாரம் சுமார் ஐந்தடி ஆழத்தில் பாறைமேல் அமைந்துள்ளதாக உரிமையாளர் ஆய்வின்போது தெரிவித்தார், அஸ்திவாரம் மண்ணுக்குள் இருப்பதால் இது ஆய்வாளரால் பார்க்கப்படவோ அளக்கப்படவோ இல்லை” என்று எழுதினால், ஆசிரியரின் சொல்லும் பதிவாகிறது, உங்கள் கையொப்பமும் நேர்மையாக நிற்கிறது. ‘தெரிவித்தார்’ என்பதோடு நிறுத்திவிட்டு இரண்டாம் பாதியை விட்டுவிடாதீர்கள். முதல் பாதியை மட்டும் படிப்பவர், நீங்கள் அதை ஏற்றுக்கொண்டதாக நினைக்க இடமுண்டு.

ஆசிரியரின் வார்த்தைக்கு உரிய இடம் அவருடைய கையொப்பத்துக்கு மேலே இருக்கிறது. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, வாங்குபவர் சாதாரணக் கவனத்துடன் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாததும் தனக்குத் தெரிந்ததுமான முக்கியக் குறைபாட்டை வெளிப்படுத்தும் கடமையை விற்பவர்மீது சுமத்துகிறது. தாம் கூட நின்று கட்டிய விவரங்களை அவர் தனிக் கடிதமாக எழுதி வாங்குபவரிடம் தரட்டும், அல்லது விற்பனை ஒப்பந்தத்தில் தம் கூற்றாகச் சேர்க்கட்டும். ‘ஐயா, நீங்கள் பார்த்ததை நீங்கள் எழுதித் தருவதுதான் உங்களுக்கு மரியாதை’ என்று நீங்கள் பணிவாகச் சொன்னால் அவர் வருத்தப்படமாட்டார் என்றே எண்ணுகிறேன். வாயால் உறுதி சொல்பவர் எழுதித் தரத் தயங்கினால், அந்தத் தயக்கமும் உங்களுக்கு ஒரு தகவல்தான்.

சோதிக்கக் கூடியதைச் சோதியுங்கள்

‘பார்க்க இயலவில்லை’ என்ற வாக்கியத்தைச் சோம்பலுக்குப் போர்வையாக்கிக்கொள்ளும் ஆய்வாளர்களும் உண்டு. அதுவும் சேவைக் குறைபாடே. வீட்டின் வெளிப்புறத்தில் அஸ்திவாரத்தை ஒட்டி ஆள் வைத்து ஒரு சிறு சோதனைக் குழி தோண்ட உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். சரிவில் கட்டிய வீட்டில் பள்ளப் பக்கத்து ஆழம் ஒன்றாகவும் மேட்டுப் பக்கத்து ஆழம் வேறாகவும் இருக்கும் என்பதால், எந்த மூலையில் தோண்டினீர்கள் என்பதையும் குறியுங்கள்.

‘பாறைமேல்’ என்ற சொல்லிலும் இந்த மலையில் எச்சரிக்கை தேவை. நீலகிரியின் சார்னோகைட் பாறை வெகு ஆழம் வரை மக்கி மண்ணாகியிருக்கிறது. மக்காத உருண்டைப் பாறைகள் அந்த மண்ணுக்குள்ளேயே புதைந்து கிடக்கின்றன. கடப்பாறை ‘டங்’ என்று தட்டியதால் அடிப்பாறை வந்துவிட்டதாக மேஸ்திரி நம்பியிருக்கலாம். அது மண்ணில் மிதக்கும் ஓர் உருண்டைக் கல்லாகவும் இருந்திருக்கலாம். நேர்மையான ஆசிரியர் நேர்மையாகவே தவறான தகவலைச் சொல்லக்கூடிய இடம் இது.

தூணுக்குள் இருக்கும் கம்பியைக் கண்டறியும் கருவி வாடகைக்குக் கிடைக்கும். பூச்சுக்கு அருகில் உள்ள கம்பியின் இருப்பையும் இடைவெளியையும் அது காட்டும். கம்பிகள் நெருக்கமாக இருந்தால் விட்டத்தை அது சொல்வதை நம்ப முடியாது. உரிமையாளர் சம்மதித்தால் ஓர் இடத்தில் பூச்சைக் கொத்தி அளந்து பார்த்து, ‘பார்த்த ஒரு தூணில்’ என்று எழுதுங்கள். ஒரு தூணைப் பார்த்துவிட்டு எல்லாத் தூணுக்கும் எழுதக் கூடாது.

என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்வது தடுப்புச் சுவர். சுவருக்குப் பின்னால் கல் நிரப்பியிருக்கிறார்களா என்பது உங்களுக்குத் தெரியாது. ஆனால் சுவரின் முகத்தில் நீர் வெளியேறும் துளைகள் இருக்கின்றனவா என்பது கண்ணுக்குத் தெரியும். புதுப் பூச்சு அந்தத் துளைகளை அடைத்திருந்தால், ‘வெளிப்புறத்தில் வடிகால் துளை எதுவும் காணப்படவில்லை, சுவர் அண்மையில் பூசப்பட்டுள்ளது’ என்று எழுதுவது நீங்கள் கண்ட செய்தி. அதை எழுதாமல் விட்டு, காணாத கல் நிரப்பலை மட்டும் எழுதினால் அறிக்கை உண்மையைத் தலைகீழாக்கிவிடும். மலைப்பகுதித் தடுப்புச் சுவர்களுக்கென்றே 14458 என்ற எண்ணில் இந்தியத் தர நிர்ணய வழிகாட்டி இருக்கிறது. சுவருக்குப் பின்னால் தேங்கும் நீரின் அழுத்தம் எவ்வளவு பெரிய எதிரி என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியதையும், குன்னூர், கோத்தகிரி, ஊட்டி வட்டாரங்களில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததையும் இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. அந்தச் சுவருக்குக் கீழே ஒரு குடும்பம் உறங்கப்போகிறது. ஆகவே எந்த மாதத்தில் ஆய்வு செய்தீர்கள் என்பதையும் அறிக்கையில் குறியுங்கள். குன்னூர்ப் பக்கத்துக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான் வருகிறது. பிப்ரவரியில் உலர்ந்து கிடக்கும் சுவரைப் பார்த்து ‘கசிவு இல்லை’ என்று எழுதுவதைவிட, ‘மழையில்லாத காலத்தில் பார்த்தபோது கசிவு காணப்படவில்லை’ என்று எழுதுவதே சரி.

கடைசிப் பக்கத்துப் பொறுப்புத் துறப்பு

‘இந்த அறிக்கையில் உள்ள எதற்கும் ஆய்வாளர் பொறுப்பல்ல’ என்று இறுதியில் சிறிய எழுத்தில் சேர்த்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. உள்ளே ஐந்தடி என்று உறுதியாக எழுதிவிட்டு, பின்பக்கத்தில் எதற்கும் பொறுப்பில்லை என்பதை நுகர்வோர் ஆணையம் எளிதில் ஏற்காது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, உரிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் சேவைக் குறைபாடு என்றே கொள்கிறது.

கட்டணம் தந்தவர் விற்பவர், ஆகவே வாங்குபவர் உங்களைக் கேட்க முடியாது என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சட்டத்தில் ‘நுகர்வோர்’ என்பவர் பணம் கொடுத்தவர் மட்டுமல்லர். அவருடைய ஒப்புதலோடு அந்தச் சேவையின் பயனைப் பெறுபவரும் நுகர்வோரே. வாங்குபவரிடம் காட்டுவதற்கென்றே கேட்கப்பட்ட அறிக்கை இது. இழப்பீடு நீங்கள் வாங்கிய கட்டணத்தோடு நின்றுவிடும் என்ற கணக்கும் சரியல்ல. ஏற்பட்ட இழப்பைப் பார்த்தே ஆணையம் தொகையை நிர்ணயிக்கும்.

1993 என்ற ஆண்டு

இந்த ஒரு கோரிக்கையை மட்டும் எந்த வடிவத்திலும் ஏற்காதீர்கள் என்று அழுத்தமாகச் சொல்வேன். மலைநகரங்களுக்கான கட்டட விதிகள் 1993-இல் வந்தன. அதற்கும் முன்னதாக 1990-இல் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் அமைந்தது. பின்பகுதி 1993-க்கு முந்தையது என்று ஒரு பொறியாளர் எழுதினால், அந்த வரி கட்டடத்தின் வயதைச் சொல்வதோடு நிற்காது, அனுமதி தேவைப்படாத கட்டடம் என்ற வாதத்துக்கும் சான்றாகப் பயன்படுத்தப்படும். சிமென்டையும் கம்பியையும் பார்த்து ஏறத்தாழ எந்தக் காலத்துக் கட்டுமானம் என்று கருத்துச் சொல்லலாமே தவிர, 1992-ஆ 1996-ஆ என்று பிரித்துச் சொல்ல எந்தப் பொறியாளராலும் முடியாது.

நகராட்சியின் அங்கீகரித்த வரைபடம், சொத்துவரிப் பதிவு, மின் இணைப்புத் தேதி ஆகியவற்றைக் கேட்டுப் பெறுங்கள். வரைபடம் எதைக் கட்ட அனுமதித்தார்கள் என்பதைச் சொல்லும். அப்படியே கட்டினார்களா என்பதைச் சொல்லாது. வரிப் பதிவு அந்தத் தேதியில் ஏதோ ஒரு கட்டடம் இருந்ததைக் காட்டும். ஒவ்வொன்றையும் அது சொல்லும் அளவுக்கே எழுதி, பின்பகுதிக்கு ஆவணம் எதுவும் காட்டப்படவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். அனுமதியற்ற கட்டடம் என்று பின்னர் தெரியவந்தால், நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இன் 56, 57-ஆம் பிரிவுகளின்கீழ் பூட்டி முத்திரையிடுவது வரை நடவடிக்கை வரலாம். அதைச் சுமக்கப்போகிறவர் வாங்குபவர்.

வங்கிப் படிவத்தின் கட்டம்

காலியாக விடாதீர்கள், எண்ணையும் போடாதீர்கள். கட்டத்துக்குள் ‘பார்க்க இயலவில்லை, இணைப்பு காண்க’ என்று எழுதி, காரணத்தைத் தனித்தாளில் இணைத்து, கிளை மேலாளருக்கு மின்னஞ்சலும் அனுப்பிவையுங்கள். திரும்பி வந்தால் அதே பதிலை எழுத்தில் தாருங்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், புயல் தாங்கும் அம்சங்களை வீட்டு ஆய்வாளர் குறிக்கும் காப்பீட்டுப் படிவத்திலேயே ‘தெரியவில்லை’ என்றும் ‘கூரைக்குள் செல்ல வழியில்லை’ என்றும் குறிக்க இடம் விட்டிருக்கிறார்கள். நம் வங்கிகளும் அப்படி ஒரு கட்டம் சேர்க்கவேண்டும். உங்களைப் போன்ற பொறியாளர்கள் சேர்ந்து எழுதிக் கேட்டால் அது நடக்காத காரியமல்ல.

குற்ற வழக்கு வருமோ என்ற உங்கள் அச்சத்துக்கு ஒரு விளக்கம். வங்கிக்குச் சட்டக் கருத்துத் தந்த வழக்கறிஞர் ஒருவர்மீது மத்தியப் புலனாய்வுத் துறை தொடர்ந்த வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம், மோசடியில் ஈடுபட்டவர்களோடு அவர் கைகோத்தார் என்பதற்குச் சான்று இல்லாமல், கவனக்குறைவை மட்டும் வைத்து அவரைக் குற்றவாளியாக்க முடியாது என்றது. அதே தர்க்கம் உங்களுக்கும் உதவும். ஆனால் பொய்யென்று தெரிந்தே எழுதுபவருக்கு அந்தத் தீர்ப்பில் இடமில்லை. மோசடிக் கடன்களில் தொடர்புள்ள மதிப்பீட்டாளர்களின் பெயர்கள் இந்திய வங்கிகள் சங்கத்தின் எச்சரிக்கைப் பட்டியலுக்குப் போவதும் உண்டு. அதில் இடம்பெற்றால் வங்கி வேலை கிடைப்பது கடினம். ‘எல்லோரும் போடுகிறார்கள்’ என்று சொல்லும் தரகரின் பெயர் அறிக்கையில் எங்கும் இருப்பதில்லை என்பதையும் கவனியுங்கள்.

கோத்தகிரி அறிக்கை

கடிதத்தின் இறுதியில் இதை எழுதியிருந்தாலும், இதைத்தான் முதலில் செய்யவேண்டும். பழைய அறிக்கையைத் திருத்தி, அதே தேதியில் மாற்றுப் பிரதி தயாரிக்கச் சிலர் யோசனை சொல்வார்கள். கூடவே கூடாது, அதுவரை கவனக்குறைவாக இருந்தது அந்த நொடியில் போலி ஆவணமாகிவிடும். பழைய அறிக்கை, படங்கள், உரிமையாளரோடு நடந்த கைபேசிச் செய்திகள் ஆகிய அனைத்தையும் மூல வடிவில் பாதுகாத்துக்கொள்ளுங்கள். மின்னணுப் பதிவைச் சாட்சியமாக்க பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்கீழ் சான்றிதழ் தரவேண்டியிருக்கும் என்பதால், படம் எடுத்த கைபேசியையும் விற்றுவிடாதீர்கள்.

பின்னர் இன்றைய தேதியிட்டுத் துணை அறிக்கை ஒன்றை, வாங்குபவருக்கும் கட்டணம் தந்தவருக்கும், வங்கிக்குப் போயிருந்தால் அங்கும் அனுப்புங்கள். வாசகம் இவ்வளவு போதும்: “எனது முந்தைய அறிக்கையில் அஸ்திவாரத்தின் ஆழம், அது நிற்கும் தளம் ஆகியவை பற்றிய வாக்கியம் உரிமையாளர் வாய்மொழியாகத் தெரிவித்த தகவலை அடிப்படையாகக் கொண்டது. அதை நான் நேரில் பார்க்கவோ அளக்கவோ இல்லை. அந்த வாக்கியத்தை இதன்மூலம் அவ்வாறே திருத்துகிறேன். அனுமதி அளித்தால் சோதனைக் குழி தோண்டிப் பார்த்து, கட்டணமின்றி மறு அறிக்கை தரத் தயாராக இருக்கிறேன்.” மன்னிப்பும் விளக்கமும் ஊகமும் அதில் வேண்டாம். அனுப்புவதற்கு முன் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் இரண்டு அறிக்கைகளையும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

நுகர்வோர் புகாருக்குக் காலவரம்பு வழக்குக் காரணம் எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகள். அது கடக்கும் வரை பேசாமல் இருந்துவிடலாமா என்று உங்களுக்குத் தோன்றியிருந்தால், மறைந்திருந்த குறைபாடு வெளிப்பட்ட நாளிலிருந்தே காலம் எண்ணப்படவேண்டும் என்று எதிர்த்தரப்பு வாதிட முடியும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். அந்த வீட்டுக்காரர் மாடி எழுப்ப நினைத்தால், உங்கள் ஐந்தடியை நம்பித்தான் தொடங்குவார். விரைவு அஞ்சலில் அனுப்பி, ரசீதைக் கோப்பில் வையுங்கள். மின்னஞ்சலிலும் ஒரு பிரதி போகட்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் அது அவர் கைக்குப் போய்ச் சேரவேண்டும்.